எழுதாத இசைக்கு ஏடு: பழைய தமிழ்த் திரைப்படங்களின் பின்னணி இசையைப் புதிதாகப் பதிதல்



இலக்கணமும் இலக்கியமும் பேசப்படும் சொற்பொழிவு வரிசையில் திரைப்பட இசையைப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பாட்டு என்றாலாவது அதில் சொல் உண்டு, கவிஞர் உண்டு, ஆகவே மொழியோடு உறவு உண்டு. நானோ சொல்லே இல்லாத பின்னணி இசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதற்கும் மொழி மன்றத்திற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். என் விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். பழைய திரைப்படங்களின் பின்னணி இசையைப் புதிதாக வாசித்துப் பதிய வேண்டுமானால், முதலில் அதனை யாரேனும் கேட்டு எழுதியாக வேண்டும். அந்த வேலை அழிந்துகொண்டிருக்கும் ஏட்டைப் பெயர்த்தெழுதிப் பதிப்பிக்கும் வேலைக்கு ஒப்பானது. தமிழர்க்கு அது பழகிய பணி. அதனை நம் பள்ளிகளிலேயே தொடங்க இயலும் என்பதே இவ்வுரையின் கருத்து.

தோட்டத் திடலில் கேட்ட இசை

கெடிஸ், ஜெராம் பாடாங், செயின்ட் ஹெலியர் என்று இவ்வட்டாரத்துத் தோட்டங்களின் பெயரைச் சொன்னாலே, மூத்தோர் பலருக்குத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய இரவுகள் நினைவுக்கு வரும். சம்பளம் போட்ட வாரத்தில் படம் என்றால் லயங்கள் எல்லாம் வெறிச்சோடிவிடும். பாயோடும் பலகையோடும் குடும்பம் குடும்பமாகத் திடலுக்கு வருவார்கள். துணிக்கு முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் பின்பக்கம் அமர்ந்து, இடவலம் மாறிய உருவங்களைப் பார்த்தார்கள். ஆயினும் ஒலி இருபுறத்தாருக்கும் ஒன்றாகவே இருந்தது. கைக்குழந்தையோடு லயத்து வாசலிலேயே தங்கிவிட்ட தாய்மார்க்குப் படம் தெரியாது. ஒலிபெருக்கியின் ஓசை மட்டும் இருளைக் கடந்து வந்து சேரும். வயலின்கள் ஏறுவதைக் கேட்டே அங்கே ஏதோ துயரம் நடக்கிறது என்று அறிந்தவர்கள் அவர்கள்.

பின்னாளில் கதைவசன இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் வந்தன. 'பராசக்தி', 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' ஆகியவற்றின் வசனங்களை மனப்பாடமாக ஒப்புவிக்கக்கூடியவர்கள் தோட்டந்தோறும் இருந்தனர். அந்த வசனங்களின் இடையிலும் அடியிலும் ஓடிய இசையும் அவர்களுடைய செவியில் பதிந்தது. அதனை யார் அமைத்தார், யார் வாசித்தார் என்று கேட்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் எவர்க்கும் எழவில்லை.

இன்று அத்திடல்கள் பலவும் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் தோட்டத்தை விட்டு நகரத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. அந்தச் செவிகள் இன்னும் சில காலமே நம்மோடு இருக்கும்.

பாடலுக்கு வாய்த்த பேறு

தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. இன்று அதன் பிரதி இல்லை. அக்காலத்துப் படங்கள் பல இவ்வாறே மறைந்துபோயின. ஆனால் படம் மறைந்தாலும் பாடல் தப்பிப் பிழைப்பதற்கு ஒரு வழி இருந்தது, அதுவே இசைத்தட்டு. பாடல்கள் தனியே விற்பனையாயின, வானொலியில் ஒலித்தன, பாட்டுப் புத்தகத்தில் அச்சாயின. நம் நாட்டிலும் அவை திருமண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் இன்னிசைக் குழுக்களால் மீண்டும் மீண்டும் வாசிக்கப்பட்டன.

பின்னணி இசைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அது தனியே விற்கும் சரக்காகக் கருதப்படவில்லை. 1950-களின் படங்களில் வசனம், இசை, பிற ஓசைகள் ஆகிய அனைத்தும் இறுதியில் ஒன்றாகக் கலக்கப்பட்டு, படச்சுருளின் ஓரத்தில் ஒளியால் பதிந்த ஒரே ஒலிக்கோடாக ஆக்கப்பட்டன. கலப்பதற்கு முன் தனித்தனியே இருந்த காந்த நாடா விலைமிக்க பொருள். அதனை அழித்து மறுபடி பயன்படுத்துவது உலகெங்கும் ஒலிப்பதிவுத் தொழிலில் வழக்கமாக இருந்தது. வாத்தியக்காரர்கள் பார்த்து வாசித்த தாள்களைக் காத்து வைக்கவேண்டும் என்ற நினைவும் பெரும்பாலும் இல்லை. ஒலிக்கோட்டில் கதாநாயகன் பேசும் பேச்சுக்குக் கீழே புதைந்து கிடப்பதே அவ்விசையின் ஒரே வடிவமாக எஞ்சியது.

தமிழ்த் திரைத்துறையில் பின்னணி இசை சேர்க்கும் வேலைக்கு 'ரீரெக்கார்டிங்' என்றே பெயர். பத்திரிகைகளும் அவ்வாறே எழுதுகின்றன. அச்சொல்லின் நேர்ப்பொருள் மறுபதிவு என்பதாகும். மறுபதிவு என்று பெயர் பெற்ற அந்த இசையே மறுபடி பதியப்படாமல் கிடப்பது ஒரு முரண். இவ்வுரையில் நான் புதுப்பதிவு என்று குறிப்பது, பழைய இசையைக் கேட்டு எழுதி, இன்றைய கலைஞர்கள் வாசிக்க, வசனக் கலப்பின்றிப் புதிதாகப் பதிவதையே.

'அந்த நாள்'

இக்குறையை விளக்க ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். ஏ.வி.எம். நிறுவனம் 1954-இல் வெளியிட்ட 'அந்த நாள்' படத்தை இயக்கியவர் எஸ். பாலசந்தர், வீணைக் கலைஞராக உலகப் புகழ் பெற்ற அதே பாலசந்தர்தாம். சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் நடித்தனர். திரைக்கதையும் வசனமும் ஜாவர் சீதாராமன். ஒரு படத்தில் பத்துப் பதினைந்து பாடல்கள் இருப்பது இயல்பாக இருந்த காலத்தில், ஒரு பாடலும் ஒரு நடனமும் இல்லாமல் அப்படம் வந்தது. பின்னணி இசையை ஏ.வி.எம். நிறுவனத்தின் சொந்த வாத்தியக் குழுவான சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஆர்க்கெஸ்ட்ரா வழங்கியது. ஏ. வி. மெய்யப்பன் படத்தொழிலுக்கு வருமுன் கூட்டாளிகளோடு நடத்திய இசைத்தட்டு நிறுவனத்தின் பெயர் சரஸ்வதி ஸ்டோர்ஸ். அப்பெயரே வாத்தியக் குழுவிற்கும் வழங்கியது.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டியது உள்ளது. பாடல் இல்லாத படம் ஆதலால் பாடல் இசைத்தட்டுக்கு அங்கே வேலையில்லை. இசைத்தட்டு விற்ற நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய குழு வாசித்த இசையே, இசைத்தட்டு ஏறாத இசையாகிவிட்டது. பிற படங்களில் பாடலாவது நினைவில் நின்று படத்தின் இசையை நமக்குச் சுட்டிக்காட்டும். 'அந்த நாள்' படத்தைப் பாராட்டுவோர் கதையைப் பாராட்டுகின்றனர், ஒளிப்பதிவைப் பாராட்டுகின்றனர், 'பாடலே இல்லாத படம்' என்று வியக்கின்றனர். பாடல் இல்லை என்பதை இசையே இல்லை என்பதுபோலச் சொல்லிச் சொல்லி, இருந்த இசையையும் மறந்துவிட்டோம்.

அப்படத்தின் கதை 1943-இல் சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய நாளையொட்டி நிகழ்கிறது. கொலையுண்டவன் ஒரு வானொலிப் பொறியாளன். நாட்டின் இரகசியத்தைப் பகைவர்க்கு விற்றவன். ஒரே மனிதனைப் பற்றிப் பலரும் பலவாறு சாட்சி சொல்ல, கதை முன்னும் பின்னுமாக நகர்கிறது. அந்த 1943 நம் நாட்டவர்க்கும் மறக்கவொண்ணாத ஆண்டு. தோட்டத்து ஆண்கள் பலரைச் சயாம் மரண இரயில்வே கொண்டுபோன காலம் அது. அவ்வாண்டின் இறுதியில் சிங்கப்பூரிலிருந்து யுரேசியரும் சீனக் கத்தோலிக்கரும் இதே பகாவுக்குக் குடியேற்றப்பட்டு, நோயாலும் பசியாலும் பலர் மாண்டனர். போர் முடிந்து பத்தாண்டு நிறையுமுன் வெளிவந்த படம் 'அந்த நாள்'. அதைப் பார்த்த நம் பெரியோர் அந்த ஓசைகளை எவ்வாறு கேட்டிருப்பர் என்பதை நினைத்துப் பார்க்கலாம். ஒரு தலைமுறை எதைக் கேட்டு அஞ்சியது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே.

பிற நாட்டார் செய்த முயற்சி

இத்தகைய இழப்பு நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஹாலிவுட்டின் பெரிய நிறுவனமான எம்.ஜி.எம். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உரிமை கைமாறியபோது, இடப்பற்றாக்குறையைக் காரணமாகக் காட்டித் தன் இசைத்தாள் நூலகத்தைக் குப்பையாகக் கொட்டிவிட்டது. பல்லாண்டுகளின் இசை நிலம் நிரப்பப் பயன்பட்டது. சில படங்களுக்குப் பியானோவுக்கெனச் சுருக்கி எழுதிய தாள்கள் மட்டும் எஞ்சின. பின்னாளில் ஜான் வில்சன் என்னும் ஆங்கில இசை நடத்துநர் அப்படங்களின் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு வாத்தியமும் வாசித்ததை மீட்டு எழுதினார். பல ஆண்டு உழைப்பின் பின், 2009-இல் இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் அவ்விசை ஒரு முழு வாத்தியக் குழுவால் வாசிக்கப்பட்டது. தாளை இழந்த பின்னும் செவியால் மீட்க முடியும் என்பதற்கு இது சான்று.

அதற்கு முன்பே, 1972-இல் சார்லஸ் ஜெர்ஹார்ட் என்பவர் எரிக் கோர்ன்கோல்டு 1930-களிலும் 1940-களிலும் படங்களுக்கு அமைத்த இசையை இலண்டனில் புதிதாகப் பதிந்து வெளியிட்டார். கோர்ன்கோல்டு 1957-இலேயே மறைந்துவிட்டவர். திரைப்படத்துக்கு எழுதியவர் என்பதாலேயே இசை அறிஞர் பலர் அவரை மதிக்காதிருந்தனர். அந்தத் தட்டு வெளிவந்து நல்ல வரவேற்பைப் பெற்ற பின், அவ்விசையை வசனமின்றித் தனியே கேட்கும் வாய்ப்பு மக்களுக்குக் கிட்டியது. தொடர்ந்து அவ்வரிசையில் பல தட்டுகள் வந்தன. மதிப்பீடு மாறுவதற்கு முன் கேட்கும் வாய்ப்பு வரவேண்டும் என்பதை இது காட்டுகிறது.

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பி. ரம்லியின் பாடல்களை மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழு முழு வாத்தியக் குழுவுக்கேற்ப அமைத்து மேடையில் வாசித்திருக்கிறது. பி. ரம்லி கதாநாயகனாகத் தோன்றித் தம் சொந்தக் குரலில் பாடிய 'பக்தி' படத்தை 1950-இல் இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர் என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. அண்டை மொழியார் தம் கலைஞருக்குச் செய்ததை நாம் நம் கலைஞருக்குச் செய்யத் தயங்க வேண்டியதில்லை.

எதனைப் பதியலாம், எதனைத் தொடலாகாது

இங்கே ஒரு மறுப்பு எழும். பழைய ஒலி இருக்கிறதே, அதைத் தூய்மை செய்தால் போதாதா, புதிதாக எதற்கு வாசிக்கவேண்டும் என்பதே அது. நியாயமான வினா. விசுவநாதன்–ராமமூர்த்தி இசையமைத்த 'கர்ணன்' 1964-இல் வெளிவந்தது. 2012-இல் படமும் ஒலியும் செப்பம் செய்யப்பட்டு மீண்டும் திரையிடப்பட்டபோது இளைஞரும் திரண்டு வந்து பார்த்தனர். செப்பம் செய்தலின் பயனை நான் மறுக்கவில்லை.

புதுப்பதிவு கூடாத இடங்களும் உள்ளன. 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஒலிக்கும் நாகசுரம் எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. 'கொஞ்சும் சலங்கை' படத்தில் ஒலிப்பது காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம். அங்கே இசை வேறு, வாசித்தவர் வேறு என்று பிரிக்கவியலாது. அவற்றைக் காப்பதே நம் கடன். மறுபடி வாசிக்க முயல்வது வீண்.

குரலை மாற்றிப் பதிந்தால் என்ன நேரும் என்பதற்கு 'ஸ்ரீவள்ளி' ஓர் எச்சரிக்கை. 1945-இல் வெளிவந்த அப்படத்தில் கதாநாயகி குமாரி ருக்மிணி பாடியது மனநிறைவு தராமையால், மெய்யப்பன் அதை நீக்கிவிட்டு பி. ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார். பெரியநாயகியின் பாட்டு இனிமையானது, ஐயமில்லை. ஆயினும் முன்னிருந்த குரலை நாம் இன்று கேட்க வழியில்லை. புதியது பழையதன் இடத்தில் அமரலாகாது. அதன் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஆகவே புதுப்பதிவுக்கு உரியது, வசனத்தின் அடியில் புதைந்து, எவ்வளவு தூய்மை செய்தாலும் தனியே எடுக்கவியலாத இசை. இந்தியில் 'முகல்-ஏ-ஆசம்' படத்தை 2004-இல் வண்ணப் படமாக வெளியிட்டபோது, பாடகர்களின் பழைய குரலை அவ்வாறே வைத்துக்கொண்டு வாத்திய இசையைப் புதிதாக வாசித்துச் சேர்த்தனர். இசையமைப்பாளர் நௌஷாத் அப்போது உயிருடன் இருந்து துணை நின்றார். நம்மவர்களில் ஜி. ராமநாதன் 1963-இலும், கே. வி. மகாதேவன் 2001-இலும், ராமமூர்த்தி 2013-இலும், விசுவநாதன் 2015-இலும் மறைந்துவிட்டனர். அருகிருந்து திருத்துவோர் இல்லாதபோது, பதிப்பிப்பவரின் நேர்மை ஒன்றே காவல்.

எழுத்து இருந்தது, ஒலி இருக்கிறது

சுவாமி விபுலாநந்தர் 'யாழ் நூல்' எழுதிய வரலாறு ஆசிரியர்கள் அறிந்ததே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் பல்லாண்டு ஆராய்ந்து, வழக்கொழிந்த யாழ்களின் அமைப்பையும் பண்களின் இயல்பையும் கணித்து வெளிப்படுத்தினார். 1947-இல் திருக்கொள்ளம்பூதூரில் அந்நூல் அரங்கேறியது. அவருக்கு எழுத்து இருந்தது, ஒலி இல்லை. நமக்கோ ஒலி இருக்கிறது, எழுத்து இல்லை. அவர் எழுத்திலிருந்து ஒலிக்குச் சென்றார். நாம் ஒலியிலிருந்து எழுத்துக்குச் செல்ல வேண்டும். இரண்டில் எளியது நம் வேலையே. அதையும் செய்யாது விட்டால், பின்வருவோர்க்கு எழுத்தும் இராது, ஒலியும் இராது.

எழுதும் முறைக்கு வழிகாட்டி டாக்டர் உ. வே. சாமிநாதையர். சீவக சிந்தாமணியை 1887-இலும் புறநானூற்றை 1894-இலும் பதிப்பித்த அவர், ஏட்டில் சிதைந்த இடத்தைத் தம் கற்பனையால் நிரப்பவில்லை. இல்லாத சொல்லுக்குப் புள்ளியிட்டார்; வேறுபட்ட பாடங்களைக் குறித்தார். இசையைக் கேட்டு எழுதுவோரும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

வகுப்பறையில் செய்யத்தக்க முறை

இதனைப் பள்ளியிலோ மன்றத்திலோ தொடங்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள் தருகிறேன்.

முதலாவது, முழுப் படத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று நிமிடக் காட்சி ஒன்று போதும். அதற்கு ஓர் அட்டவணை வரைக. எந்த நிமிடம், எந்த நொடியில் இசை தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, அப்போது திரையில் என்ன நிகழ்கிறது, எவ்வெவ் வாத்தியங்கள் கேட்கின்றன, வசனம் எங்கே மறைக்கிறது என்று பத்தி பத்தியாக எழுதுக. இதற்கு இசைப் பயிற்சிகூடத் தேவையில்லை. கூர்ந்து கேட்கும் செவியும் பொருந்திய சொல்லும் வேண்டும். 'சோகமான இசை' என்று மாணவர் எழுதினால் ஆசிரியர் ஏற்கலாகாது. எந்த வாத்தியம், மேலேறுகிறதா கீழிறங்குகிறதா, விரைவா நெடிதா, தொடர்கிறதா விட்டு விட்டு ஒலிக்கிறதா என்று கேட்டு எழுதச் செய்யவேண்டும். இது மிகச் சிறந்த கட்டுரைப் பயிற்சியும் ஆகும்.

இரண்டாவது, சுருதியைச் சரிபார்க்க. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுவது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை 25 சட்டங்களுக்கு அமைந்தது. தொலைக்காட்சிக்கும் ஒளிநாடாவுக்கும் மாற்றப்பட்ட பிரதிகள் பல இதனால் நூற்றுக்கு நான்கு பங்கு விரைந்து ஓடும். சுருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக மேலேறிவிடும். இதை அறியாமல் எழுதினால் முழு இசையும் பிழைபடும். ஒரே காட்சியை இரு வேறு பிரதிகளில் கேட்டு, நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

மூன்றாவது, இசையை எழுதுதல். தனி வாத்தியத்தின் இன்னிசையைச் சுரக்குறியிலேயே எழுதலாம். பல வாத்தியங்கள் சேர்ந்தொலிக்கும் இடத்திற்கு மேனாட்டு ஐங்கோட்டுக் குறியீடு ஏற்றது. தெளிவாகக் கேட்பதைக் கருமையிலும், ஊகித்ததைச் சிவப்பு மையிலும் எழுதுக. கேட்காத இடத்தில் புள்ளியிடுக. பழைய ஒலிக்கோடு மிகத் தாழ்ந்த ஓசையையும் மிக உயர்ந்த ஓசையையும் செம்மையாகத் தாங்குவதில்லை. ஆதலால் ஒன்று கேட்கவில்லை என்பதனாலேயே அது வாசிக்கப்படவில்லை என்று முடிவு செய்யலாகாது.

தாளத்தைப் பொறுத்தவரை நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்புத் தகுதி உண்டு. உறுமி மேளம் அடிக்கும் இளைஞர்கள் எத்துணைக் கடினமான நடையையும் கேட்ட அளவில் பிடித்துக்கொள்கிறார்கள். அத்திறமையைப் பள்ளி பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை. 1948-இல் ஜெமினி நிறுவனம் வெளியிட்ட 'சந்திரலேகா' படத்தின் முரசு நடனம் உலகறிந்தது. பெரிய முரசங்களின் மேல் ஆடலும், முடிவில் அம்முரசங்களுக்குள்ளிருந்து வீரர்கள் வெளிப்படுதலும் அதில் உண்டு. படத்தின் இசையமைப்பாளர் எஸ். ராஜேஸ்வர ராவ். அந்நடனத்தின் தாள நடையை எழுதும் வேலையை ஓர் உறுமிக் குழுவினரிடம் ஒப்படைத்துப் பாருங்கள். படிப்பில் பின்தங்கியவன் என்று பெயரெடுத்த பையன் ஒருவன் அங்கே ஆசிரியனாக நிற்பதைக் காண்பீர்கள்.

நான்காவது, வாசித்தல். பள்ளியில் உள்ள வயலினும் புல்லாங்குழலும் கொண்டே தொடங்கலாம். ஒரு வாத்தியத்திற்குப் பதில் வேறொன்றைப் பயன்படுத்தினால் அதை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். விசைப்பலகையில் எல்லா வாத்திய ஓசையும் கிடைக்கும் என்பது உண்மையே. ஆயினும் பலர் கூடி மூச்சும் வில்லும் ஒத்து வாசித்த இசையை ஒருவர் விரலில் அடக்கினால், அவ்விசையின் உயிர்த்தன்மை போய்விடும்.

ஐந்தாவது, உரிமை. இசை ஆக்கியோன் மறைந்த பின் இந்தியச் சட்டப்படி 60 ஆண்டுகளும் மலேசியச் சட்டப்படி 50 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். வகுப்பில் கேட்டுப் பயில்வது வேறு. பதிவு செய்து வெளியிடுவது வேறு. வெளியிடுமுன் உரியவரிடம் இசைவு பெறுதல் கடமை.

நினைவும் ஓர் ஏடு

இறுதியாக மூத்தோரைப் பற்றி ஒரு சொல். தேவார ஏடுகள் தில்லையில் செல்லரித்துக் கிடக்க, இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் எஞ்சியவற்றை மீட்டதைத் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. பாடல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியின் துணைகொண்டே பண்ணடைவு வகுக்கப்பட்டது என்பது மரபு. ஏட்டில் இல்லாதது ஒரு மனிதரின் நினைவில் இருந்தது.

நம் ஊர்களிலும் அத்தகையோர் உள்ளனர். தோட்டத்து இன்னிசைக் குழுவில் ஆர்மோனியமோ வயலினோ வாசித்தவர், படம் காட்டும் கருவியை இயக்கியவர், வசனத்தோடு இசையையும் வாயால் ஒலித்துக் காட்டும் பாட்டி என இவர்களை மாணவர்கள் நாடிச் செல்ல வேண்டும். இசையமைப்பாளரின் பெயராவது படத்தலைப்பில் வந்தது; வாத்தியக்காரரின் பெயர் வரவில்லை. அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் குழலாசிரியனுக்கும் யாழாசிரியனுக்கும் தண்ணுமை ஆசிரியனுக்கும் தனித்தனி இடம் அளித்துப் பாடினார். 'அந்த நாள்' இயக்கிய பாலசந்தரே 1964-இல் தம் 'பொம்மை' படத்தின் முடிவில் உடன் உழைத்த கலைஞர்களைத் திரையில் தோன்றச் செய்து அறிமுகப்படுத்தினார். அந்த மரபைப் பின்பற்றி, நீங்கள் எழுதும் ஒவ்வோர் இசைத்தாளின் மேலும் அமைத்தவர், வாசித்தவர், நினைவிலிருந்து சொன்னவர், கேட்டு எழுதிய மாணவர் ஆகியோரின் பெயர்களைத் தெரிந்த அளவு எழுதுங்கள்.

பகாவ் சிற்றூரில் பெரிய ஒலிப்பதிவுக் கூடமில்லை. முழு வாத்தியக் குழுவும் இல்லை. அவை இருக்கும் இடத்தில் என்றேனும் ஒருநாள் 'அந்த நாள்' படத்தின் இசை புதிதாக வாசிக்கப்படலாம். அப்போது வாத்தியக்காரர்களின் முன் ஒரு தாள் இருக்க வேண்டும். அத்தாளின் முதல் மூன்று நிமிடத்தை இங்குள்ள ஒரு பள்ளி மாணவர் எழுதியிருந்தால், திடலில் துணிக்குப் பின்புறம் அமர்ந்து கேட்ட நம் முன்னோர்க்கு நாம் செய்யும் கைம்மாறாக அது அமையும்.